மானம் ஏறிய கப்பல்

தோணிப்பாறையில் தோணி கிடையாது. பாறை முன்பு இருந்தது, அதையும் உடைத்து ஜல்லியாக்கி ரோடு போட்டுவிட்டார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி பஸ் மாறிப் போக வேண்டும், கண்மாயில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும், அப்பேர்ப்பட்ட ஊரில் கப்பல் என்ற சொல் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்பட்டு வந்தது. மகன் பரீட்சையில் கோட்டை விட்டால் மானம் கப்பலேறியது, மருமகள் வாசலில் நின்று சத்தம் போட்டால் மானம் கப்பலேறியது, சம்பந்தி வீட்டுப் பாயசத்தில் முந்திரி குறைந்தால் இரண்டு வீட்டு மானமும் சேர்ந்து கப்பலேறியது. இப்படித் தலைமுறை தலைமுறையாக ஏறிக்கொண்டே இருக்கிறதே, ஏறுவதற்கு ஒரு கப்பல் வேண்டாமா என்று ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை.

அந்தக் கப்பலைச் செய்தவள் சண்முகக்கனி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள், கல்யாணப் பத்திரிகை ஆர்டரும் பிடித்துக் கொடுப்பாள். சின்ன வயதில் அவளும் அவள் அண்ணன் மாரிக்கனியும் பழைய பத்திரிகை அட்டைகளில் கப்பல் செய்வார்கள். மடித்து ஓடையில் விடுகிற கத்திக் கப்பல் அல்ல. அடித்தட்டு, மேல்தட்டு, புகைபோக்கி, நங்கூரம், பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் வைத்த கப்பல். அண்ணன் இடதுகைக்காரன், இடதுகையால் கத்தரித்துக் கொடுப்பான், இவள் மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவாள். இரண்டு பேரும் கப்பலை நேரில் பார்த்ததில்லை, அதனால் அவர்கள் செய்த கப்பலில் எந்தக் குறையும் அவர்களுக்குத் தெரிந்ததில்லை.

அப்புறம் அவளுக்குக் கல்யாணம் ஆனது, கடை வந்தது, மகள் பிறந்தாள், கப்பல் மறந்து போனது. மறுபடி அது திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு அச்சுப் பிழை. யாரோ ஆர்டர் கொடுத்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் அப்பா பெயர் விழுந்துவிட, அந்த வீட்டுக்காரர்கள் பத்திரிகைக் கட்டை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நல்ல கெட்டி அட்டை, பொன்னிற ஓரம். அன்றைக்குப் பார்த்து மத்தியானம் கரண்டு இல்லை. சும்மா இருந்த கை ஒரு அட்டையை எடுத்து மடித்தது, கத்தரித்தது, பசை தேடியது. கரண்டு வந்தும் நாலைந்து நாள் அவள் கை நிற்கவில்லை. மேசை நீளத்துக்கு ஒரு கப்பல் எழும்பி நின்றது, மூன்று தட்டு, இரண்டு புகைபோக்கி, ஏறுவதற்கு ஒரு பலகை, அதன் வயிற்றில் ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்று தலைகீழாக அச்செழுத்து.

பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பஸ்ஸை விட்டுவிட்டுக் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் புருஷன் வேலாயுதம் கடைக்கு வந்தார். பந்தல், பாத்திரம், மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். எந்தக் கல்யாணத்தில் யாருக்கு முதல் மாலை, யாருக்கு எந்த நாற்காலி என்பதெல்லாம் அவர் சொன்னால்தான் ஊரில் செல்லும். மானத்தில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

“நாப்பதைத் தொடப்போற வயசுல காயிதக் கப்பல் செஞ்சு விளையாடுதியா? பஸ் ஸ்டாண்டே பாத்துக்கிட்டு நிக்கி. நம்ம குடும்ப மானமே கப்பலேறுது” என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, அவர் சட்டைப் பையிலிருந்து மானம் எட்டிப் பார்த்தது. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். கஞ்சி போட்ட வேட்டி, முறுக்கிய மீசை, தோளில் துண்டு. மேசைமேல் குதித்து, ஸ்டேப்ளரைச் சுற்றிக்கொண்டு நடந்து, பலகை வழியாக ஏறி மேல்தட்டில் போய் நின்றுகொண்டு, “முன்வரிசை எங்க இருக்கு?” என்று கேட்டது.

சண்முகக்கனி காட்டினாள்.

“பக்கத்துல ஆரும் உக்காரப்படாது.”

“சரி” என்றாள்.

வரிசையில் நின்ற ஒரு பெண், “அக்கா, ஆதார் முன்பக்கம் பின்பக்கம் ஒரே தாள்ல போடுங்க” என்றாள், சண்முகக்கனி போட்டுக் கொடுத்தாள். வேலாயுதம் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். “லேசா இருக்கு” என்று சொல்லிவிட்டு, எதிரே டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் பாதி கடித்து வைத்திருந்த வடையை எடுத்துத் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கல்யாண வீட்டில் நாயனக்காரர் பின்னால் ஆடிக்கொண்டு போனார், முதல் மாலையை சமையல்காரருக்குப் போட்டார், மைக்கைப் பிடித்துத் தனக்குப் பாட வராது என்பதைப் பாடியே காட்டினார். குறட்டை விட்டுத் தூங்கினார், முகம் ஒரு சுற்றுத் தெளிந்தது. இதையெல்லாம் பார்த்த ஊர் முதலில் சிரித்தது, பிறகு பொறாமைப்பட்டது, பிறகு ஜெராக்ஸ் கடை வாசலில் வரிசை கட்டியது. வந்தவர்கள் கப்பலுக்கு முன்னால் நின்று, “மானம் கப்பலேறட்டும்” என்று ஒரு தடவை சொன்னார்கள், அதுவும் இறங்கி ஏறிக்கொண்டது, ஆள் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் ஊருக்குப் பல விஷயங்கள் தெரிய வந்தன. மானத்துக்காக உயிரை விடுவேன் என்று மேடைக்கு மேடை பேசிய தலைவருக்கு, இருமிப் பார்த்தும் உதறிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை, “எங்கயோ வச்சுட்டேன் போலிருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பெண்கள் வந்தால்தான் நேரமானது. ஒருத்தி சொன்னதும் முதலில் புருஷன் வீட்டு மானம் மூட்டை முடிச்சோடு இறங்கும், பின்னால் பிறந்த வீட்டு மானம், மாமனார் மானம், கொழுந்தன் மானம் என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாம் இறங்கிய பிறகு கடைசியில் சீரகம் அளவுக்கு ஒன்று வரும், அதுதான் அவளுடையது. சண்முகக்கனிக்கும் அப்படித்தான் வந்தது. அது யாரிடமும் இடம் கேட்கவில்லை, நேரே போய் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கப்பலுக்குள் ஒரே ரகளை. மேல்தட்டில் யார் உட்காருவது, யாருக்கு யார் எழுந்திருப்பது என்று மானங்கள் நாள் முழுக்க முறைத்துக்கொண்டன. கப்பலுக்கு வெளியே ஊர் சௌக்கியமாக இருந்தது. டெய்லர், “எனக்கு ஜாக்கெட் மட்டும் தைக்க வராது, இத்தனை வருசம் ஒப்பேத்திட்டேன்” என்று போர்டு எழுதி வைத்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண், மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்றாள், எனக்கும்தான் என்றான் அவன், இரண்டு பேரும் சேர்ந்து பஜ்ஜியைக் காலி பண்ணினார்கள்.

சண்முகக்கனிக்கு மட்டும் மனசு வேறொரு இடத்தில் கிடந்தது. அவள் மகள் தர்ஷினி நாலாம் வகுப்பு, இன்னும் காது குத்தவில்லை. காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார்த்தித்தான் குத்த வேண்டும், தாய்மாமன் மாரிக்கனியோ இந்த வீட்டு வாசலை மிதித்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. தர்ஷினிக்குப் பெயர் வைத்த அன்று பந்தியில் அவர் ஓடியாடி வேலை பார்த்தார். தங்கச்சி புருஷனுக்குத் தன் கையாலேயே இலை போட்டார். இடதுகைக்காரர் அல்லவா, நுனி இடப்பக்கம் வர வேண்டிய இலை வலப்பக்கம் பார்த்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவான், “என்னய்யா, மாப்பிள்ளைக்கு இலையைத் திருப்பிப் போட்டிருக்கு?” என்றார். வேலாயுதம் ஒரு பருக்கை தொடாமல் எழுந்து போனார். நான் போட்ட இலையை விட்டு எழுந்துவிட்டானே என்று மாரிக்கனியும் அப்படியே கிளம்பிப் போனார். இரண்டு மானத்துக்கு நடுவில் பிள்ளையின் காது மாட்டிக்கொண்டது. தர்ஷினி ஒட்டுப்பொட்டைக் காதில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

இப்போது ஒரு இடைஞ்சல் தீர்ந்துவிட்டதே என்று நினைத்த சண்முகக்கனி, “ஏங்க, எங்கண்ணனைக் கூப்பிட்டுருவமா?” என்று கேட்டாள்.

“அதுக்கென்ன, இப்பவே போவோம்” என்றார் வேலாயுதம். அவள் சேலை மாற்றி வருவதற்குள் வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றார்.

மாரிக்கனி பக்கத்து ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார், வீடும் அதன் பின்கட்டிலேயே. வேலாயுதம் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். “மச்சான், அன்னைக்கு நான் எந்திரிச்சது தப்புதான். கால்ல வேணா விழுதேன்” என்று தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தும்விட்டார். விழுந்த இடத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு பலாப்பழம் தெரிந்தது. “இது பழுத்திருச்சா மச்சான்?” என்று படுத்தபடியே கேட்டார்.

மாரிக்கனி அவரைப் பார்க்கவில்லை, தங்கச்சியைப் பார்த்தார். “கனி, இவரு மானத்தைக் கப்பல்ல ஏத்திட்டுத்தானே வந்திருக்காரு?”

“ஆமாண்ணே.”

“அப்ப எதை விட்டுக்குடுத்து என்னையக் கூப்பிடுதாரு? இன்னைக்கு இவரு தெருவுல போற நாய் கால்லகூட விழுவாரு. எனக்கே காது குத்த வந்தீகளா?”

மாரிக்கனி குனிந்து வெற்றிலைத் தட்டை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். “எம்மருமவளைத் தூக்கி மடியில வைக்க எனக்கு ஆசை இல்லையா? மானத்தோட வந்து கூப்பிடச் சொல்லு. அப்ப வாரேன்” என்றார். போகும்போது பலாச்சுளையை மட்டும் ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தனுப்பினார், வேலாயுதம் அதை பஸ்ஸிலேயே தின்று முடித்தார்.

அண்ணன் சொன்னது ஞாயம் என்று சண்முகக்கனிக்குத் தெரிந்தது, தெரிந்ததால்தான் கோபம் கோபமாக வந்தது. வீட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்று காத்திருந்தது. தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்து நின்றாள். பிள்ளைகள் அவளை மூளிக்காது, மூளிக்காது என்று சொல்லி ஒட்டுப்பொட்டைப் பிய்த்து எறிந்துவிட்டார்களாம். அதைக் கேட்ட வேலாயுதம், “மூளிக்காதா? நல்ல பேருதான்” என்று கைகொட்டிச் சிரித்தார். தர்ஷினி அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி ஒரு பார்வை ஒரு பிள்ளை அப்பாவைப் பார்க்கக் கூடாது.

அவள் உள்ளே போன பிறகு வேலாயுதம் நெஞ்சைத் தடவிக்கொண்டார். “கனி, நான் இப்ப வருத்தப்படணுமோ?”

“ஆமா.”

“எனக்கு வரலையே” என்றார். காலியாகக் கிடந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “போயி என் மானத்தைக் கூட்டிட்டு வா” என்றார்.

மறுநாள் மத்தியானம் அவள் கடைக்குப் போனபோது மேற்கே கருகருவென்று மேகம் திரண்டு நின்றது. கப்பலில் பரபரப்பு. மழை வந்தால் பஜார் தெருவில் வெள்ளம் ஓடும், ஓடினால் கப்பலும் கிளம்பிவிடும், கிளம்பினால் திரும்பாது என்று மானங்கள் பேசிக்கொண்டன. வேலாயுதத்தின் மானம் முன்வரிசையில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தது, இரண்டு பக்கமும் இடம் காலி. சண்முகக்கனி குனிந்து அதன் காதருகே பேசினாள்.

“வீட்டுக்கு வாங்க. பிள்ளைக்குக் காது குத்தணும்.”

“இலையைத் திருப்பிப் போட்டாம்ல” என்றது மானம்.

“எங்கண்ணன் இடதுகைக்காரரு. அவரு கைக்கு அதுதான் நேரு.”

மானம் துண்டைச் சரிசெய்துகொண்டது. “அது எனக்கு அன்னைக்கே தெரியும்” என்றது மெதுவாக. “எந்திரிச்சு ரெண்டு எட்டு வைக்கும்போதே தெரியும். நடந்த பெறகு எப்படித் திரும்பி வந்து உக்கார?”

சண்முகக்கனிக்கு அதை நசுக்கிவிடலாமா என்று வந்தது. பாவமாகவும் இருந்தது. “இப்ப இறங்கி வாங்க. இந்தாங்க பலகை” என்றாள்.

“ஏறுன பலகை வழியா இறங்குனா இத்தன பேரும் என்ன நினைப்பாக?” மானம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. “பின்பக்கமா ஒரு ஏணி வை. ஆரும் பாக்காம இறங்கிக்கிடுதேன்.”

அவள் கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தாள். மிச்சமிருந்த பத்திரிகையைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, படிக்குப் படி பசை தடவி, ஈரக் காற்றில் பசை காயாமல் போக வாயால் ஊதி ஊதிக் காயவைத்து, கப்பலின் முதுகுப் பக்கத்தில் ஏணியைச் சாய்த்தாள். முதல் தூறல் விழுந்தபோது வேலாயுதத்தின் மானம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக இறங்கியது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு மானம் இறங்கியது, இன்னொன்று, இன்னொன்று. ஒவ்வொன்றும் தான் இறங்குவதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முன்னால் இறங்குகிறதன் தலையை மிதித்தபடி இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் கிளம்பினால் திரும்பாது என்று கேள்விப்பட்டு மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்த ஊர்க்காரர்கள் கையில் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த அவசரத்தில் நிறைய மாறிப்போய்விட்டது. தலைமையாசிரியரின் மானம் ரேஷன் கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்து, அன்றிலிருந்து அவர் சர்க்கரை வாங்க வருகிறவர்களை வாய்ப்பாடு கேட்கிறார். ஒன்றுமில்லாத தலைவர் இரண்டை எடுத்துப் போய்விட்டதாகவும் பேச்சு.

எல்லாம் இறங்கிய பிறகு பார்த்தால், சுக்கானில் சீரகம் அளவு ஒன்று மட்டும் நின்றது. இறங்கவா என்று அது கேட்கவில்லை, இறங்கு என்று சண்முகக்கனியும் சொல்லவில்லை. வாசல்படி வரை வெள்ளம் ஏறியதும் அவளே இரண்டு கையாலும் கப்பலைத் தூக்கித் தண்ணீரில் வைத்தாள். அது பஜார் தெருவில் மிதந்து, பூக்கடையைத் தாண்டி, வேகத்தடையில் ஒரு தடவை தட்டிச் சுதாரித்து, பாலத்துக்கு அடியில் புகுந்து போனது. நனைந்து கூழாகிவிடும் என்று டீக்கடைக்காரர் சொன்னார், இந்நேரம் தூத்துக்குடி தாண்டியிருக்கும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சண்முகக்கனி சிரித்தாள். பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள், யார் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மழை விட்டதும் சண்முகக்கனி மானத்தைக் கொண்டுபோய் வேலாயுதத்தின் சட்டைப் பையில் போட்டாள், இருவரும் மறுபடி மாரிக்கனி வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை வேலாயுதம் உள்ளே நுழையவில்லை. வாசலில் நின்றார். வெற்றிலைத் தட்டு கையில் இருந்தது. வியர்த்துக் கொட்டியது, காது சிவந்தது, மானம் நெஞ்சில் எழும்பித் தொண்டையில் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. மாரிக்கனியின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் நீண்டன. சண்முகக்கனி உதவிக்குப் போகவில்லை.

“மச்சான்” என்றார் வேலாயுதம். விழுங்கினார். “பிள்ளைக்கு” என்றார். அதற்கு மேல் உதடு மட்டும் அசைந்தது. தட்டை நீட்டினார். நீட்டிய கையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாரிக்கனி எழுந்து வந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். “போதும் மாப்ள. உள்ள வாங்க” என்றார்.

அடுத்த முகூர்த்தத்திலேயே காது குத்து வைத்தார்கள். மழைச் சேறு காயாத தெருவில் பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, ஊர் முழுக்க வந்து நெருக்கியடித்து நின்றது. மாரிக்கனி ஜிமிக்கியும் பட்டுப்பாவாடையும் சீர்த்தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மனையில் உட்கார்ந்து மருமகளை மடியில் இருத்தி, ஒரு கையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வேலாயுதம் எதிரே குந்தி மகளின் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார். எதற்கும் கையில் வாழைப்பழத்தை உரித்து வைத்துக்கொண்டு சண்முகக்கனி நின்றாள். ஆசாரி சந்தனம் தொட்டு அடையாளம் வைத்து, கம்பியை எடுத்து, “தாயி, அங்க பாரு காக்கா” என்றார்.

தர்ஷினி காக்காவைப் பார்க்கவில்லை. இவ்வளவு காலம் காத்திருந்தது எப்படி இருக்கும் என்று பார்க்க, கண்ணை இடுக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கம்பி இறங்கியது. அவள் மூச்சுக்கூட விடவில்லை. அழுகைச் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. அண்ணாந்து பார்த்தால் மாமா அழுதுகொண்டிருந்தார், கண்ணீர் மூக்கு வழியாக வந்து அவள் பட்டுப்பாவாடையில் சொட்டியது. கீழே பார்த்தால் அப்பாவும் அழுதார், மீசையெல்லாம் நனைய, அத்தனை பேர் பார்க்க, காலைப் பிடித்த கையை விட முடியாததால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியாமல் அழுதார்.

தர்ஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்குத்தானே குத்துனாக, நீங்க எதுக்கு அழுதீக?” என்று கேட்டாள். மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைத் திருப்பி ஆசாரிக்கு அடுத்த காதைக் காட்டினாள்.

“இன்னொண்ணு இருக்கு. அதுக்கு ஆரும் அழப்படாது.”